முன்பக்கக் கேமரா

வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில்
ஏசி போட்ட கடையில் நிற்கிறேன்.
ஆறு வருசமாக ஒரே பாட்டு:
நூற்றெட்டு மெகாபிக்சல், ஐயாயிரம் பேட்டரி,
ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் அண்ணாச்சி,
கல்யாண வீட்டு மைக்செட்டு தோத்துப்போகும்.

அன்றைக்கும் அதையேதான் பாடினேன்.
வந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆள் மடங்கிட்டு என்று நினைத்து
சத்தத்தை முழுசாக வைத்துப் போட்டேன்.
கடையே திரும்பியது.
அவள் திரும்பவில்லை.

பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி
கார்பன் தாளை விலக்கிவிட்டு எழுதினாள்:
'பியூலா தங்கபுஷ்பம். காது கேட்காது.
பதினாறாயிரத்துக்குள்ள.
முன்பக்கக் கேமரா காட்டுங்க.'

முன்பக்கக் கேமராவைப் பற்றி
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
மூஞ்சியை அழகாக்கும்.
காட்டினேன்.
வெயில் பட்ட அடையாளம் இல்லை, அம்மைத் தழும்பு இல்லை,
ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று
யாரோ ஒருத்தி திரையில்.
அவள் புருவத்தை மேலே ஏற்றினாள்.
திரையில் நெற்றி சுருங்கவே இல்லை.

'புருவம் ஏறுனா கேள்வி' என்று எழுதினாள்.
'ஏறலேன்னா சாப்பிட்டாச்சு.
ஏறுனா சாப்பிட்டாச்சா?
இந்த போன் என் கேள்விய எல்லாம்
பவுடர் போட்டு அழிக்கி.'

பவுடரை நிறுத்தவே முடியாத போன் மூன்று.
ஓரமாகத் தள்ளினேன்.
மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு
காலி அட்டைப்பெட்டி அடுக்கும் இருட்டு அறைக்குள் போனாள்.
கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.
விரல்கள் பறந்தன.
ஒரு திரையில் அவை வெறும் புகை.
ஒன்றில், கை நின்றபிறகு வந்து சேர்ந்தன.
ஒன்றில் மட்டும்
விரலுக்கு விரல் இடைவெளி தெரிந்தது.

ஏன் இருட்டு என்று கேட்டேன், நானும் எழுத்தில்தான்.
மாப்பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனி.
ஷிப்ட் முடிய பதினொன்று.
விளக்கைப் போட்டால் பிள்ளை முழித்துவிடும்.
போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு என்று சொல்ல,
மங்கலில் காய்ச்சல் மட்டும் போய்ச் சேர்ந்து,
மனுசன் லீவு போட்டு ராத்திரி பஸ் ஏறி
விடியக்காலம் வாசலில் வந்து நின்றாராம்.
'சம்பளம் அறுநூத்தம்பது நட்டம்'
என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டாள்.
கோடு போடும்போது சிரித்தாள்.

நான் விடவில்லை.
'ஒரே கையில் பிடிக்கலாம், வெயிட்டே கிடையாது.'
எழுதி நீட்டினேன், கம்பெனி சொல்லிக்கொடுத்த வாசகம்.
'பிடிச்சா மிச்சம் ஒரு கைதான்.
திக்கிப் பேசணும்.'
என் கால்குலேட்டரை இழுத்து நிறுத்தி
போனை அதில் சாய்த்தாள்.
முதுகு வளைந்த போன்கள் வழுக்கி விழுந்தன.
இருட்டில் ஜெயித்தது மட்டும் நின்றது.
பதினைந்தாயிரத்து எழுநூறு.
கமிஷன் அதில்தான் எனக்குக் குறைவு.

பில் போடும்போது அடுத்த பஞ்சாயத்து.
போனோடு இலவசம், காதில் மாட்டுகிற பாட்டு மெஷின்.
மேசையில் அதைத் திருப்பி வைத்தாள்:
'இத நீங்களே வச்சுக்கிட்டு
இதுக்கு உள்ளதக் குறைங்க.'
இலவசத்தை எப்படிம்மா குறைக்க?
முதலாளி மீரான் வாய்விட்டுக் கேட்டார்,
அவள் புருவத்தை மட்டும் ஏற்றினாள்.
இப்போது எனக்கும் படிக்கத் தெரிந்திருந்தது.
கடைசியில் ஒரு மடக்கு ஸ்டாண்டு,
எண்பது ரூபாய்ச் சாமான்,
அதற்குப் பதில் இது என்று முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்.
சிமெண்டுப் பெஞ்சில் ஸ்டாண்டை விரித்து
போனை நிறுத்தி எதிரே குந்தி
ரெண்டு கையையும் வீசிப் பேசிக்கொண்டிருந்தாள்.
விலையைச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்,
ஏனென்றால் ஒரு இடத்தில் மூக்கைச் சுளித்து
எங்கள் கடைப்பக்கம் கைகாட்டினாள்.
கேடிசி நகர் வண்டி வந்து ஆரன் அடித்தது.
கண்டக்டர் விசில் ஊதினார், மறுபடி ஊதினார்.
சொல்ல வந்ததை முடித்துவிட்டுத்தான்
ஏறினாள்.